கிலோவுக்கு ஒன்றரை யூரோ

வெள்ளிதோறும் சொரோகாவிலிருந்து வண்டி எடுப்பேன்.
ருமேனியா, ஹங்கேரி, இரண்டு இரவு,
ஞாயிறு காலை படோவா.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சரளைக்கல் மைதானம்.
பார்சலுக்குக் கிலோ ஒன்றரை யூரோ.
ஆளுக்குத் தனி ரேட்.

நிகிஃபோர் கிழவரின் பார்சல் எப்போதும் கடைசி.
அவர் வீட்டுப் பாதை முழங்கால் சேறு, வண்டி ஏறாது.
நானே நடந்து போய்த் தூக்கி வருவேன்:
வால்நட், உப்பிட்ட ஆட்டுப்பால் கட்டி,
ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் திராட்சை மது.
மது மகளுக்கல்ல,
அவள் குளிப்பாட்டி விடுகிற இத்தாலியக் கிழவருக்கு.
"அவருக்கும் என்னைப்போல இதயம்தான்.
குடிக்கக்கூடாது. மோந்து பார்க்கட்டும்."

மகள் ஆவுரிகா போய்ப் பதினோரு வருடம்.
தினம் காலை ஏழுக்கு
அவளுக்கு அவர் ஓர் எண் சொல்லியாக வேண்டும்.
சாப்பாடு, மழை, பக்கத்து வீட்டுச் சண்டை
எல்லாம் அப்புறம்.
காலில் நீர் கோத்தால் எடை ஏறும்,
ஏறினால் மாத்திரையைக் கூட்ட வேண்டும்,
இரண்டு நாளில் இரண்டு கிலோ என்றால் ஆஸ்பத்திரி.
கொட்டிலில் கோதுமை மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு.
அதன் பலகையில் ஏறித்
தலையைச் சாய்த்து முள்ளைப் படிப்பார்.

எழுபத்தொன்பது, என்பார்.
சரி, என்பாள்.
சில நாள் அவளும் ஒன்று சொல்வாள்:
எஜீதியோ ஐயா அறுபத்தாறு.
"இளைத்துவிட்டாரே" என்று இவர் நாக்கைத் தட்டுவார்,
முகம் பார்த்தறியாத ஆளுக்காக.

நவம்பரில் ஒரு வெள்ளி
என் கணக்குக்காகப் பார்சலை அந்தத் தராசில் வைத்தேன்.
எழுபத்தொன்பது.
கேனை இறக்கினேன். எழுபத்தொன்பது.
வெறும் பலகை. எழுபத்தொன்பது.
முள்ளுக்குக் கீழே ஓர் ஆணி,
துரு ஏறாத புது ஆணி.

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தார்.
கால் நுழைவதற்காகப் பக்கத்தில் கத்தியால் கிழித்திருந்தது.
"அங்கே ஒருத்தரைத் தூக்கி நிறுத்துகிறாள்.
இரண்டு கைதானே அவளுக்கு" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"பீட்ரூட் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது" என்றார்.

இருபது கிலோ என்று குத்துமதிப்பாக எழுதிக்கொண்டேன்.

படோவாவில் கேட்டாள்: அப்பாவைப் பார்த்தாயா?
இருபது வருடம் எல்லைக் காவலர்களிடம்
கண் இமைக்காமல் பொய் சொன்ன வாய் எனக்கு.
"தராசு பழுது" என்றேன்.

மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.
போனாள், அரைமணியில் திரும்பி வந்தாள்,
துண்டில் சுற்றிய கண்ணாடித் தராசோடு.
எஜீதியோ ஐயாவுடையது.
அவருக்கு இனி வேண்டாம், என்றாள்.
அவள் கறுப்பு உடுத்தியிருந்ததை
அப்போதுதான் கவனித்தேன்.
புதனிலிருந்து வேறு வீடாம். நடக்க முடியாத ஓர் அம்மாள்.
தராசு இரண்டு கிலோ இருக்கும். காசு வாங்கவில்லை.

ஹங்கேரிச் சாலையில் குழி வரும்போதெல்லாம்
பின்சீட்டில் அது விழித்துக்கொண்டது.
மேலே கிடந்த மூட்டை குதிக்கக் குதிக்க
நீல எண் எரிந்து அணைந்தது,
யாரோ இருட்டில் ஏறி ஏறி இறங்குவதுபோல.

கொட்டில் தரை மேடுபள்ளம். அடியில் ஒரு பலகை போட்டோம்.
பூட்ஸைக் கழற்றக் கால்மணி நேரம்.
எண் நடுங்கி நின்றது.
தொண்ணூற்றொன்று.
குனிந்து விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தார்.
ஆணி அடிக்க அதில் இடமில்லை.

போனை அவரே அழுத்தினார். மணி ஏழல்ல, மதியம் இரண்டு.
"தொண்ணூற்றொன்று."
அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.
"பூட்ஸோடா?"
"வெறுங்கால்."
என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.
இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஏற்று என்றாள்.
ஞாயிறு திரும்பும் வண்டியில் இடம் இருக்கிறதா என்றாள்.
இருந்தது. முன்சீட்.
கதவிடுக்கில் காற்று வரும், கம்பளி எடுத்துக்கொள் என்றேன்.

சேற்றில் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன்.
பாதிவழியில் காதருகே மூச்சு இரைத்தது,
சிரிக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.
"கிலோ ஒன்றரை" என்றார்.
"இந்தத் தடவை சரியாகக் கணக்குப் போடு."